ஓவரோல் பண்ணுன இஞ்சினுக்கு ஒயில் பம்ப்: கேள்வி பதில்

கேள்வி (தலவாக்கலை): அண்ணே, தேயிலைக் கொழுந்து லொறி இஞ்சின் ஓவரோல் பண்ணியாச்சு (முழுசா பிரிச்சு பூட்டியாச்சு). காலைல ஒயில் பிரஷர் கேஜ் நல்லா ஏறுது, ஹட்டன் வரைக்கும் லோட்ல ஓடிட்டு ஐட்லிங்ல (வண்டி நின்னு இஞ்சின் மட்டும் ஓட) விட்டா விழுந்துருது. பெரிய பம்ப் போட்டா சரியாகுமா?

பதில்: தம்பி, பம்ப் ஒயில தள்ளிவிடும் அவ்வளவுதான், அந்த ஒயில் பெயாரிங் (இஞ்சின் தண்டு சுத்துற எடத்துல இருக்கிற உலோக ஓடு) இடுக்குல போக முடியாம முட்டி நிக்கிறதுதான் பிரஷர். இடுக்கு கூடிட்டா எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் சும்மா வழிஞ்சு சம்புக்கே (இஞ்சினுக்கு அடியில ஒயில் தேங்குற தொட்டி) போயிரும், கேஜ் கொஞ்சம் மேல நிக்கிறத பாத்து மனச தேத்திக்கலாம். மொதல்ல ஒயில் லைட்டுக்கு சிக்னல் குடுக்கிற ஒயில் சுவிட்ச கழட்டி அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் பூட்டி, இஞ்சின் நல்லா சூடா இருக்கையில பாருங்க. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு (பிரஷர் அளவு) ஒரு பொதுக்கணக்கு இருக்கு, ஆனா பல டொயோட்டா இஞ்சினுக்கு கம்பெனி புத்தகத்துல ஐட்லிங்ல 4 சொச்சம் இருந்தாலே போதும், 3000ல 36க்கு கொறையக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. உங்க இஞ்சினுக்கு புத்தகத்துல போட்டிருக்கிற அளவுக்கு வந்தா பம்ப தொடாதீங்க. ஒயில் லெவல் பாக்கிற டிப்ஸ்டிக்கையும் மோந்து பாருங்க, டீசல் வாடை அடிச்சு லெவலும் ஏறியிருந்தா ஒயில் தண்ணியாயிருச்சு, பம்ப்ல குத்தமில்ல.

கேள்வி (நுவரெலியா): ஹை வொலியூம், ஹை பிரஷர் ரெண்டும் ஒன்னா?

பதில்: இல்லங்க. வொலியூம் பம்ப் ஒரு சுத்துக்கு கூட ஒயில் தள்ளும், ஒயில் கூலர் புதுசா சேத்தவங்க யோசிக்கலாம். ஹை பிரஷர்ன்னா, பிரஷர் மீறுனா ஒயில திருப்பி விடுற ரிலீஃப் வால்வோட ஸ்பிரிங் டைட். உங்க ஊர் விடியக்கால குளிர்ல ஒயிலே கட்டியாத்தான் இருக்கும், அதுல ஸ்பிரிங்குக்கு வாஷர் வச்சு ஏத்துனா பம்ப சுத்துற கியருக்கும் ஃபில்டருக்கும்தான் அடி. சில பாஸ்மார் (மெக்கானிக்மார்) அத பெரிய வித்தையா செய்வாங்க, வேணாம்னு சொல்லிருங்க.

கேள்வி (பண்டாரவளை): பழைய பம்பையே போடலாம்னு பாஸ் சொல்றார். இல்ல கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையில ஒன்னு பாக்கவா?

பதில்: எதா இருந்தாலும் கவர கழட்டி உள்ள விரல் நகத்த ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டுற மாதிரி கோடு விழுந்திருந்தா அது வேலைக்கு ஆகாது. பம்ப் இருக்கிறது ஃபில்டருக்கு முன்னாடி, அதனால பழைய பெயாரிங் தூளெல்லாம் அது வழியாத்தான் போயிருக்கும். பூட்டும்போது கியர் இடுக்குல வாஸ்லின் அடைங்க, கிரீஸ் வேணாம், அது லேசுல கரையாது. அப்புறம் டீசல கட் பண்ணிட்டு ஸ்டார்ட்டர்ல விட்டு விட்டு சுத்துங்க, ஒயில் லைட் அணைஞ்ச பொறகுதான் இஞ்சின ஸ்டார்ட் பண்ணணும். சம்பு பூட்டுற விளிம்புக்கு சிலிக்கன் பசை கொஞ்சமா தடவச் சொல்லுங்க, பிதுங்குனது ஸ்ட்ரெய்னர்ல (பம்ப் ஒயில உறிஞ்சுற வாய்ல இருக்கிற சல்லடை) போய் ஒட்டிக்கும்.

கேள்வி (ராகலை): செங்குத்தான ஏத்தத்துல மட்டும் ஒயில் லைட் மின்னுது.

பதில்: லெவல் கொறைவா இருக்கும், ஏத்தத்துல ஒயில் பின்னுக்கு போனதும் ஸ்ட்ரெய்னர் காத்த உறிஞ்சுது. சம தரையில நிப்பாட்டி பாருங்க, நம்ம ஊர்ல சம தரை தேடுறதுதான் பெரிய வேலை. லெவல் சரின்னா சம்புக்கு அடியில கைய விட்டு தடவுங்க, தோட்ட ரோட்டு கல்லு அடிச்சு உள்ளுக்கு போயிருந்தா அந்த நசுங்கல் ஸ்ட்ரெய்னர் வாய மூடிரும்.

கேள்வி (கொட்டகலை): டூ ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கு?

பதில்: பெற்றோலோட ஒயில் கலந்து அடிக்கிறீங்கல்ல, உங்களுக்கு இந்த ஒயில் பம்ப் தலைவலியே இல்ல.

கேள்வி (ஹப்புத்தளை): ஓவரோலுக்கு பொறகு மொத ஒயில் எப்ப மாத்துறது?

பதில்: 500லருந்து 1000 கிலோமீற்றருக்குள்ள, ஃபில்டரோட சேத்து. பழைய ஃபில்டர வீசாம வெட்டி, பேப்பர விரிச்சு வெயில்ல புடிச்சு பாருங்க. காந்தத்துல ஒட்டுற பொடி கொஞ்சம் இருந்தா பயமில்ல, புது ரிங் படியிறப்ப வர்றதுதான். ஒட்டாம செம்பு நிறத்துல மினுங்குனா பெயாரிங் தேயுது, வண்டிய ஓட்டாம அங்கயே சம்ப எறக்குங்க.