அன்னாசி கரைத்த பர்கர் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

தணலில் சுடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே மாட்டிறைச்சி பர்கர் செய்தேன். அன்னாசி, இஞ்சி, சோயா சாஸ் எல்லாம் சேர்ந்த அந்த வெப்பமண்டல ருசி வேண்டும் என்று ஆசை. ஒரு கிலோ கொத்துக்கறியில் அன்னாசிப் பழத்தை அரைத்து ஊற்றி, சோயா சாஸும் சேர்த்துப் பிசைந்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் ஊற வைத்தேன். காலையில் கறி கூழாகிவிட்டது. தட்டி கிரில் மேல் வைத்தால் கம்பிகளுக்கு இடையே வழிந்து கீழே விழுந்தது. விழாமல் நின்றதும் வெளியே கரி, உள்ளே களி. என் தோழி இதே முறையில் டின் அன்னாசியைப் போட்டுச் செய்தாள், அவளுக்குக் கரையவே இல்லை. முட்டையும் ரொட்டித்தூளும் சேர்த்திருந்தால் சரியாக வந்திருக்குமா? இன்னொன்று, ஸ்டேக்கை உள்ளே சிவப்பாக விட்டுச் சாப்பிடுகிறார்களே, பர்கரையும் அப்படி விடலாமா? அடுத்த வாரம் 12 பேர் சாப்பிட வருகிறார்கள்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்,

முட்டையும் ரொட்டித்தூளும் காப்பாற்றியிருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் இந்த யோசனையைத்தான் சொல்வார்கள், அதை நம்பி நீங்கள் இன்னொரு கிலோ கறியை வீணாக்கிவிடக் கூடாது. நீங்கள் பிசைந்ததிலோ தட்டியதிலோ குறை இல்லை. கறியைக் கரைத்தது அன்னாசி.

வேகாத அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதுதான் அதன் வேலை. அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிகிறதே, அதற்கும் இது ஒரு காரணம். புதிய அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாமல் தண்ணீராகவே நிற்பதும் இதனால்தான். பப்பாளிக் காயில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின், இஞ்சியிலும்கூட இதே குணமுள்ள ஒரு நொதி உண்டு. முழுத்துண்டு இறைச்சியின் மேல் இவற்றைக் கொஞ்ச நேரம் தடவி வைத்தால் மேற்பரப்பு மட்டும் மிருதுவாகும், அது நல்லதுதான். கொத்துக்கறியில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு துணுக்கும் மேற்பரப்புதான். நொதி எல்லா இடத்துக்கும் போய்விடும், ராத்திரி முழுக்க நேரமும் கொடுத்திருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜின் குளிர் அதன் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. கறித் துணுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதமே அறுந்த பிறகு எதைச் சேர்த்தும் ஒட்ட வைக்க முடியாது. பல வருடம் முன்பு கறி மிருதுவாகட்டும் என்று நான் பப்பாளிக் காயை அரைத்து கொத்துக்கறியில் சேர்த்தேன், ஒரு மணி நேரத்திலேயே அது கறி என்று சொல்ல முடியாத ஒன்றாக மாறியிருந்தது. அந்தக் கூழின் தொடுஉணர்வு இன்னும் என் விரலில் இருக்கிறது.

உங்கள் தோழியின் பர்கர் தப்பித்ததற்கும் இதே விளக்கம்தான். டின்னில் அடைக்கும்போது பழத்தைச் சூடாக்குகிறார்கள், அந்தச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. அதனால் கறி கரையவில்லை. ஆனால் அவளையும் கேட்டுப் பாருங்கள், கிரில்லில் வைத்ததும் நிறைய நீர் விட்டிருக்கும், மேலே நல்ல பழுப்பு ஏறியிருக்காது. ஈரம் இருக்கும்வரை கறி அவியும், வறுபடாது.

இதில் சோயா சாஸுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது உப்பு. கொத்துக்கறியில் உப்பைக் கலந்து வைத்தால் மயோசின் என்கிற தசைப் புரதம் கரைந்து பசை போல ஆகி, வெந்த பிறகு கறி ரப்பர் மாதிரி இறுகும். சாசேஜுக்கு அந்த இறுக்கம் வேண்டும், அதனால்தான் அதற்கு உப்புப் போட்டுப் பிசைகிறார்கள். பர்கர் பொலபொலவென்று இருக்க வேண்டும். அன்னாசி இல்லாமல் சோயா சாஸ் மட்டும் ஊற்றி ராத்திரி வைத்திருந்தால் உங்களுக்குக் கூழ் வந்திருக்காது, ரப்பர் வந்திருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: கறிக்குள் எதையும் கலக்காதீர்கள். உப்புகூட வேண்டாம். கறி தனியாகச் சுடப்படட்டும், பழம் தனியாகச் சுடப்படட்டும், இரண்டும் பன்னுக்குள் சேர்ந்தால் போதும். வெப்பமண்டல ருசி என்று நாம் தேடுவது இனிப்பு, புளிப்பு, காரம், புகை நான்கும் ஒரே கடியில் வருவது. நான்கும் தனித்தனியாக நாக்குக்குத் தெரிந்தால்தான் அது ருசி, ஒன்றாக அரைத்து ஊற்றினால் எதுவுமே தெரியாது.

கறி வாங்கும்போது 20 சதவீதம் கொழுப்பு இருக்கும்படி பாருங்கள். மெலிந்த கறி உடம்புக்கு நல்லது என்று நினைத்து வாங்கினால் கிரில்லில் காய்ந்துபோகும். ஒரு பர்கருக்கு 150 கிராம் எடுத்து, குளிர்ச்சி போகாமல், அழுத்திப் பிசையாமல், உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் சேர்த்து, 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். பன்னைவிடக் கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும், சூட்டில் சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் ஒரு பள்ளம் போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் சுருங்கி நடு உப்பிப் பந்து மாதிரி ஆகிவிடும். உப்பும் மிளகும் கிரில்லில் வைப்பதற்குச் சற்று முன் மேலே தூவினால் போதும், தாராளமாகத் தூவுங்கள்.

தணலை கிரில்லின் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். கொழுப்பு சொட்டிச் சுடர் எழும்பும்போது, தணல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்திவிடலாம். கறியைத் தட்டைக் கரண்டியால் அழுத்தாதீர்கள். அந்தச் சீறல் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சீறுவது நீங்கள் சாப்பிட வேண்டிய சாறு. சூடான பக்கத்தில் ஒவ்வொரு புறமும் சுமார் 4 நிமிடம். மேலே ஏறும் அந்தப் பழுப்பும் வாசனையும் மயார் வினையால் வருவது, 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயாரின் பெயர் அது. அதற்குச் சூடும் வேண்டும், காய்ந்த மேற்பரப்பும் வேண்டும்.

சிவப்பாக விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. கிருமி இருந்தால் பெரும்பாலும் இறைச்சியின் வெளிப்புறத்தில்தான் இருக்கும். ஸ்டேக்கின் வெளிப்புறம் நன்றாகச் சுட்டுவிடுவதால் அது போய்விடுகிறது. கொத்தும்போது வெளிப்புறம் முழுக்க உள்ளே கலந்துவிடுகிறதே, அப்புறம் நடுப்பகுதியும் வெளிப்புறம் மாதிரிதான். 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் ஈ. கோலை கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்தச் சூடு வருவதற்கு முன்பே பழுப்பாகிவிடும் கறியும் உண்டு. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி, பக்கவாட்டில் நடுவரை குத்திப் பாருங்கள். 12 பேருக்குச் சமைக்கிறவர் வீட்டில் அது இருந்தே ஆக வேண்டும் என்பேன். கொழுப்பு 20 சதவீதம் இருந்தால் 71 டிகிரியிலும் கறி சாறோடுதான் இருக்கும்.

அன்னாசிக்கு வருவோம், எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இது. 1 சென்டிமீட்டர் கன வட்டங்களாக நறுக்கி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, துணியால் ஈரம் ஒற்றி, லேசாக எண்ணெய் தடவுங்கள். மிதமான தணலில் ஒவ்வொரு புறமும் 2, 3 நிமிடம், கம்பிக் கோடு பழுப்பாக விழும் வரை. நீர் வற்றி இனிப்பு திரளும், சர்க்கரை கருகத் தொடங்கும் எல்லையில் லேசான கசப்பும் வரும். கறியின் கொழுப்புக்கு ஈடுகொடுப்பது அந்தக் கசப்பும் புளிப்பும்தான், வெறும் இனிப்பு அல்ல.

சோயா சாஸை விட மனமில்லை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. அரை கப் அன்னாசிச் சாறு, 4 தேக்கரண்டி சோயா சாஸ், 2 தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய இஞ்சி, பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய். கரண்டியில் ஒட்டும் பதம் வரை கொதிக்கவிடுங்கள், கொதியில் நொதி செத்துவிடும். கறி வெந்து முடிகிற கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் பூசுங்கள். முன்னதாகப் பூசினால் சர்க்கரை கருகும், உங்களுக்கு வெளியே கரியானதற்குப் பழத்தின் சர்க்கரையும் காரணம். பச்சைக் கறியைத் தொட்ட தூரிகையை இந்தப் பாத்திரத்தில் விடாதீர்கள்.

பன்னின் வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவிச் சுட்டுக்கொள்ளுங்கள், சாறு ஊறிக் குழையாது. மயோனைஸில் எலுமிச்சைச் சாறும் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும், மேலே எலுமிச்சையில் ஊறிய வெங்காயம், கொத்தமல்லி. சீஸ் வேண்டாம் என்பது என் கருத்து, அன்னாசியின் புளிப்பை அது மூடிவிடுகிறது. தேங்காய்த்துருவல் போடச் சொல்கிறவர்களும் உண்டு, போட்டுப் பார்த்தேன், வாயில் சக்கையாக நின்றது.

12 பேருக்கு 1.8 கிலோ கறி வேண்டும். முந்தின நாள் ராத்திரியே எல்லாவற்றையும் தட்டி, உப்பில்லாமல், இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து, மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடலாம். பூசும் சாஸையும் அன்றே காய்ச்சி வைக்கலாம். அன்னாசியையும் நறுக்கி வையுங்கள், வேறொரு டப்பாவில்.

அன்புடன்,
அக்கா