மையமில்லா மெசேஜிங்: மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி, பிரையர் - எது யாருக்கு?

சாதாரண மெசேஜிங் செயலியில் எல்லோருடைய செய்தியும் ஒரே நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. அவர்கள் கணக்கை முடக்கினால் கதை முடிந்தது. மையமில்லா நெறிமுறையில் (செயலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிகள், புரோட்டோகால்) அந்த ஒற்றைப் பிடி கிடையாது. மின்னஞ்சல் மாதிரிதான்: உங்கள் கணக்கு ஓரிடத்தில், நண்பருடையது வேறிடத்தில், ஆனாலும் செய்தி போய்ச் சேரும். 1999-ல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கிய எக்ஸ்எம்பிபியும், 2014-ல் வந்த மேட்ரிக்ஸும் இந்த வகை.

மேட்ரிக்ஸில் ஓர் அறையின் உரையாடல், அதில் பங்கெடுக்கும் ஒவ்வொரு சர்வரிலும் நகலாகச் சேமிக்கப்படும். ஒரு சர்வர் படுத்தாலும் பேச்சு நிற்காது. சிக்கலும் அங்கேதான். செய்தி பூட்டப்பட்டிருந்தாலும் (என்கிரிப்ஷன்: பேசுபவர்கள் மட்டுமே படிக்க முடியும்), அறையில் யார் யார், யார் எப்போது அனுப்பினார்கள் என்பதெல்லாம் அந்த சர்வர்களை நடத்துபவர்களுக்குத் தெரியும். நீங்கள் போடும் எமோஜி ரியாக்‌ஷன்கூடப் பொதுவாகப் பூட்டப்படுவதில்லை! அப்புறம், மீட்புச் சாவியைத் தொலைத்துவிட்டு புது போனில் நுழைந்தால் பழைய செய்திகளைத் திறக்க முடியாமல் போகலாம். பலர் வெறுத்துப்போவது இங்கேதான்.

எக்ஸ்எம்பிபி சர்வருக்குச் சுமை குறைவானது. ஆனால் ஒமேமோ என்ற பூட்டு வேலை செய்ய, இருவரின் செயலியிலும் அந்த வசதி வேண்டும்.

பிரையருக்கு சர்வரே இல்லை. டோர் (யார் எங்கிருந்து பேசுகிறார் என்பதை மறைக்கும் வலையமைப்பு) வழியாகவோ, இணையம் இல்லாவிட்டால் ப்ளூடூத், வைஃபை வழியாகவோ நேரடியாகப் பேசும். ரகசியத்துக்கு இதுதான் என் தேர்வு. ஆனால் ஐபோனில் கிடையாது, இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும் (செய்திகளை வாங்கி வைத்திருக்கும் மெயில்பாக்ஸ் செயலியை வேறொரு கருவியில் தனியாக வைத்தால் தவிர). தினசரி அரட்டைக்கு மேட்ரிக்ஸே வசதி.

மையமில்லை என்றாலே ரகசியம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் மையப்படுத்தப்பட்ட சிக்னல் செயலியின் சர்வருக்கு உங்களைப் பற்றித் தெரிவது, ஒரு மேட்ரிக்ஸ் சர்வருக்குத் தெரிவதைவிடக் குறைவு.