பழவேற்காட்டு ஓட்டு வீடு: இடிப்பதா, பூசுவதா?

"பழவேற்காட்டில் ஏரிக்கரையோரம் தாத்தா காலத்துச் சின்ன ஓட்டு வீடு. சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உதிர்கிறது. நாலு வருடம் முன்பு சிமென்ட் பூசியும் நிற்கவில்லை. இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள், சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதியை நான் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

நம்ப வேண்டாம். இடிக்கவும் வேண்டாம்.

சுவரைக் கெடுத்ததே அந்த சிமென்ட்தான். சேற்று மண்ணில் நிற்கும் செங்கல் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் அதன் வழியே வெளியேறியது. உப்பு மேலே வெள்ளையாகப் பூக்கும்; உங்கள் பாட்டி துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பொங்கலுக்கு வெள்ளையடித்திருப்பார். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது உப்பு பூச்சுக்குப் பின்னால் இறுகி செங்கல்லை மாவாக்குகிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடமெல்லாம் போனதுதான்.

சிமென்டைச் செதுக்கி எடுங்கள். ஒரு கோடை சுவர் காயட்டும். பிறகு நன்றாகப் புளிக்கவைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஆற்று மணலும் சேர்த்துப் பூசுங்கள். ஏரி மணல் கூடவே கூடாது. பத்து நாளாவது நல்ல தண்ணீர் தெளிக்க வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். சுண்ணாம்பில் கலக்கும் கடுக்காய்த் தண்ணீர் என்றதும் முழிக்காத கொத்தனாராகப் பார்த்துப் பிடியுங்கள். சுவரில் ஊசி போட்டு ஈரத்தை நிறுத்துகிறேன் என்று வரும் கெமிக்கல்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெருவை அரையடி உயர்த்திவிட்டுப் போகிறார்கள், அந்தத் தண்ணீரும் உங்கள் சுவரில்தான் இறங்குகிறது. இதை யாரிடம் சொல்வது?

சரி, அனுமதிக்கு வருவோம். கரையோரம் புதுக் கட்டடத்துக்குத் தடை உள்ள பகுதியிலும், முறையாக இருந்துவரும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதே அடித்தளப் பரப்பில் திருப்பியும் கட்டலாம் என்று மத்திய அரசின் 2011 சிஆர்இசட் அறிவிக்கையும் சொல்கிறது, 2019 அறிவிக்கையும் சொல்கிறது. ஆக, நிற்கிற வீடுதான் உங்கள் பிடிமானம். காகிதம் கைக்கு வருமுன் இடித்துவிட்டால் அங்கே வீடு இருந்ததற்கு எதைக் காட்டுவீர்கள்? இப்படி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். தரகர் கொடுத்த 'அனுமதி'யைப் பிரித்தால் வெறும் வீட்டு வரி ரசீது.

ஒன்றை மட்டும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். அங்குள்ள டச்சுக் கல்லறை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கப்பால் இன்னுமொரு 200 மீட்டர், அதாவது எல்லையிலிருந்து 300 மீட்டர் வரை எதைக் கட்டினாலும் அனுமதி வேண்டும். அளவு கல்லறையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து, நடுவிலிருந்து அல்ல. 100 மீட்டருக்குள் இருக்கும் வீடு 1992 ஜூன் 16-க்கு முந்தையது என்றால் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். தாத்தா வீடு அதற்கு முந்தையதுதான், ஆனால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தாலுகா அலுவலகம் பஞ்சாயத்தைக் காட்டும், பஞ்சாயத்து தாலுகாவைக் காட்டும்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுமுன் பழைய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, 1992-க்கு முந்தைய வரி ரசீது, மின் இணைப்புக் காகிதம் எல்லாவற்றையும் திரட்டுங்கள். அப்புறம் வீட்டை நாலு பக்கமும் அளந்து, படமும் எடுத்து வையுங்கள்.