சின்ன நாய்தானே என்று டெரியர் வாங்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டு வயது மகன் நாய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை உண்டு. ஒருவர் ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டியின் போட்டோ அனுப்பி, "ஆறு வாரக் குட்டி, ஃபிளாட்டுக்கு ஏத்தது, பராமரிப்பே கிடையாது, அட்வான்ஸ் போடுங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குட்டியிடம் குறை இல்லை. அதன் குணத்துக்கும் உங்கள் வீட்டு நடைமுறைக்கும் ஒத்துவராது.

ஜாக் ரஸ்ஸலின் உயரம் 25 முதல் 30 செ.மீ., எடை ஐந்தாறு கிலோ. அளவைப் பார்த்து, மடியில் சுருண்டு படுக்கும் நாய் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக உருவாக்கிய வம்சம் இது. பொந்துக்குள் பதுங்கிய நரியைப் பின்தொடர்ந்து நுழைந்து, குரைத்தே வெளியேற்றுவது அதன் வேலை. எஜமானின் குரல் எட்டாத இருட்டில் தானே முடிவெடுக்கும் நாய்தான் அந்த வேலைக்கு உதவும். ஆக, கூப்பிட்டால் வராதது, ஓயாமல் குரைப்பது, தோண்டுவது, ஓடுவதையெல்லாம் துரத்துவது எல்லாம் பிறவிக் குணம். பயிற்சி கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாம், ஒழிக்க முடியாது. தோண்ட மண் கிடைக்காவிட்டால் சோபாவில் ஆரம்பித்துவிடும்.

அப்புறம் பூனை. குட்டியிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் சில டெரியர்கள் பழகிக்கொள்ளும். ஆனால் பூனை திடீரென்று ஓடினால் என்ன ஆகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டையும் வீட்டில் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போவதை நினைத்துப் பாருங்கள்.

தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். சென்னை வெயிலில் அதை அதிகாலையிலும் இருட்டிய பிறகும்தான் கொடுக்க முடியும். பகல் முழுக்கத் தனியாக அடைந்து கிடந்தால் குரைத்துத் தீர்த்துவிடும். அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். "பராமரிப்பே கிடையாது" என்பதும் பொய். குட்டை முடி உள்ள ஜாக் ரஸ்ஸலுக்கு முடி நன்றாகவே கொட்டும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும். எலியைக் கண்டால் விடாத நாய் என்பதால் ரேபிஸ் ஊசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம்.

விற்பவர் விஷயத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். ஆறு வாரக் குட்டி என்று அவரே எழுதித் தந்திருக்கிறார், அதற்கு மேல் என்ன விசாரிக்க? பணம் போடாதீர்கள். பிற்பாடு வேறு யாரிடம் வாங்கினாலும் தாய் நாயை அதன் இடத்திலேயே நேரில் பாருங்கள். இந்த இனத்தில் கண் லென்ஸ் இடம்பெயரும் பரம்பரை நோய் உண்டு. பெற்ற நாய்களுக்கு அதற்கான மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கமான கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல.

மகனுக்கு நாய்தான் வேண்டும் என்றால், காப்பகத்தில் பூனைகளோடு பழகிய, வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். குணம் தெரிந்த நாயாகக் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் யார்க்‌ஷயர் டெரியருக்கு வெயில் காலத்தில் மொட்டை அடிக்கலாமா? (தூத்துக்குடி)

பதில்: மொட்டை வேண்டாம், தோல் வெந்துவிடும். ஓரிரு அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள். அதன் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமாக விட்டால் தினமும் சீவ வேண்டும், இல்லையென்றால் சிக்குப் பிடித்துவிடும். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுக்காதீர்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் பலவீனம், மார்பில் மாட்டும் ஹார்னெஸ் வாங்குங்கள். பல்லில் காறை சீக்கிரம் படியும், அதனால் நாய்க்கான பேஸ்டில் பல் தேய்த்துவிடுங்கள். நாம் பயன்படுத்தும் பேஸ்ட் ஆகாது.