ஓர் ஆர்டருக்கு எத்தனை படிகள்? ஆட்டோமேஷன் வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்னிமலையில் நெசவாளர்களிடமிருந்து பெட்ஷீட், துண்டு வகைகளை வாங்கி, எங்கள் சொந்த வலைத்தளத்தின் வழியாக விற்று வருகிறோம். தொடக்கத்தில் நாளுக்கு நான்கைந்து ஆர்டர்கள் வந்தன. இப்போது சராசரியாக 40 வருகின்றன. பணம் வந்ததா என்று பார்ப்பது, கூகுள் ஷீட்டில் ஏற்றுவது, இருப்பைக் கழிப்பது, பில் போடுவது, வாட்ஸ்அப்பில் தகவல் சொல்வது, கூரியர் பதிவது என எல்லாவற்றையும் இரண்டு ஊழியர்கள் கையால் செய்கிறார்கள். இவை அனைத்தையும் தானாக நடக்கும்படி அமைத்துத் தர ஒருவர் 85,000 ரூபாயும், பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாயும் கேட்கிறார். வெவ்வேறு மென்பொருள்களை இணைத்து வேலையைத் தானாக ஓட்டும் ஜாப்பியர், மேக் போன்ற இணையச் சேவைகளுக்கு நாமே சந்தா கட்டினால் மலிவாக முடியும் என்கிறான் மகன். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, சென்னிமலை

பதில்: எந்தச் சேவையின் விலைப் பக்கத்தையும் திறப்பதற்கு முன், ஒரு தாளை எடுத்து, ஓர் ஆர்டர் உங்களிடம் வந்து சேர்ந்ததிலிருந்து வண்டியேறும் வரை யார் யார் கையில் எதற்காகப் போகிறது என்பதை வரிசையாக எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றோடு, அதில் சொல்லாமல் விட்ட பேக்கிங் சீட்டையும் கூரியர் எண்ணையும் சேர்த்தால், பணம் வந்த செய்தி கிடைத்த பிறகு ஏழு வேலைகள் இருக்கின்றன: ஷீட்டில் பதிவது, இருப்பைக் கழிப்பது, பில், வாட்ஸ்அப் செய்தி, கிடங்குக்குப் பேக்கிங் சீட்டு, கூரியர் பதிவு, கூரியர் தந்த எண்ணை மீண்டும் ஷீட்டில் எழுதுவது. மாதம் 1,200 ஆர்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும். ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு மீட்டரில் கணக்குப் பார்க்கிறது.

ஜாப்பியர், தொடங்கிவைக்கும் நிகழ்வுக்குக் கணக்கு வைப்பதில்லை. அதன் பின் நடக்கும் ஒவ்வொரு செயலையும் ஒரு 'டாஸ்க்' என்று எண்ணுகிறது. ஆகவே உங்களுக்கு மாதம் 8,400 டாஸ்க்குகள் வேண்டும். அதன் இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க்குகள்தான் உண்டு என்பதோடு, ஒரு தொடக்கமும் ஒரு செயலும் கொண்ட ஓட்டத்தை (தானாக நடக்கும் வேலைத் தொடரை) மட்டுமே அமைக்க முடியும் என்பதால், பல படிகள் கொண்ட உங்கள் வேலைக்கு அது உதவாது. மேக் சேவை தொடக்கத்தையும் சேர்த்து எண்ணுவதால், அதே வேலை அங்கே 9,600 ஆகிறது. என்-8-என் என்ற மூன்றாவது சேவை, படிகள் எத்தனை இருந்தாலும் முழு ஓட்டத்தையும் ஒன்று என்றே எண்ணுகிறது. அங்கே உங்கள் கணக்கு 1,200. ஒரே வேலைக்கு 1,200 என்றும் 9,600 என்றும் இரண்டு எண்கள் வருவதால், 'மாதம் 10,000 இலவசம்' என்பது போன்ற விளம்பர வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை எண்ணிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

எண்ணும்போது பலர் தவறவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, ஒரு ஆர்டரில் மூன்று வகைப் பொருள்கள் இருந்தால் இருப்பைக் கழிக்கும் படி மூன்று முறை ஓடும். சராசரியாக மூன்று பொருள்கள் என்றால் இதனாலேயே மாதம் 2,400 செயல்கள் கூடுதலாக விழும். இரண்டாவது, புதிய ஆர்டர் இருக்கிறதா என்று குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்து வரும் வகைத் தொடக்கம். மேக்கில் இப்படிப் பார்க்கும்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு செயலாகக் கணக்கில் ஏறும். 15 நிமிடங்களுக்கு ஒரு முறை பார்த்தால் நாளுக்கு 96. அதன் இலவசத் திட்டத்தின் 1,000 கிரெடிட்டுகளும் (பொதுவாக ஒரு செயலுக்கு ஒரு கிரெடிட்), ஓர் ஆர்டர்கூட வராமலேயே, பதினோராம் நாளில் தீர்ந்துவிடும். எனவே ஆர்டர் விழுந்த நொடியில் உங்கள் வலைத்தளமோ பணம் வாங்கும் நிறுவனமோ தானாகவே செய்தி அனுப்பும் 'வெப்ஹுக்' முறையில் தொடக்கத்தை அமைக்கச் சொல்லுங்கள். தீபாவளி மாதத்தில் ஆர்டர்கள் மும்மடங்காகும் என்றால் அந்த மாதத்துக்கான அளவையும் கேளுங்கள். வரம்பைத் தாண்டியதும் ஓட்டம் நிற்குமா, கூடுதல் விலையில் தொடருமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்ததாக, பில் போடும் படி. நீங்கள் டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது உங்கள் அலுவலகக் கணினியில் ஓடுகிறது. இணையத்தில் ஓடும் இந்தச் சேவைகளால் அதை நேராக எட்ட முடியாது. நடுவில் ஓர் இணைப்பு மென்பொருள் வேண்டும், அந்தக் கணினியும் டாலியும் திறந்தபடியே இருக்க வேண்டும். மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் அலுவலகத்தில் இரவு ஆர்டர்களுக்கான பில் தானாக விழாது. அதோடு, இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் முறை) இணைப்பு என்று தனிக் கட்டணம் கேட்டால் உங்களுக்கு அது தேவையா என்று பாருங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்குத்தான் அது கட்டாயம். அப்போதும் நேரடி நுகர்வோருக்குப் போடும் பில்லுக்கு அது பொருந்தாது.

விலையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஓட்டம் நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்பது. என் உறவினர் ஒருவரின் மசாலாக் கடையில் சென்ற ஆண்டு நேரில் கண்டதைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஊழியர், ஷீட்டின் மேல்வரிசையில் 'கைபேசி' என்றிருந்த தலைப்பை 'போன் நம்பர்' என்று திருத்திவிட்டார். அவர் செய்ததில் தவறே இல்லை. யாரும் அவரிடம் அந்தத் தலைப்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கவில்லை. ஆனால் 'கைபேசி' என்ற தலைப்பைத் தேடிய ஓட்டம், எண் கிடைக்காததால் செய்தி அனுப்பும் படியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. மூன்று நாட்கள் எந்த வாடிக்கையாளருக்கும் தகவல் போகவில்லை. நான்காம் நாள் காலை ஒரு மூதாட்டி கடையின் தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டு, 'பொடி அனுப்பினீங்களா, இல்லையா?' என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. எந்தப் படி தவறினாலும் அடுத்த சில நிமிடங்களில் உங்கள் கைபேசிக்குச் செய்தி வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக எழுதுங்கள்.

பணம் தொடர்பான படியில் இன்னும் இரண்டு சோதனைகளைக் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். இணையவழியில் பணம் வாங்கித் தரும் ரேஸர்பே நிறுவனம் அனுப்பும் தொகை பைசாவில் இருக்கும்; 1,499 ரூபாய் 149900 என்று வந்து நிற்கும், அதை நூறால் வகுக்கும் படி இல்லையென்றால் பில் தொகை நூறு மடங்காகிவிடும். ஒரே பணத்துக்கான செய்தி சில வேளைகளில் இரண்டு முறையும் வரலாம். அந்தப் பண எண் ஏற்கெனவே ஷீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற படிகள் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு பார்சல்கள் போகும்.

இனி நான் பரிந்துரைப்பது. 85,000 ரூபாய்க்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டாம். பணம் வந்ததும் ஷீட்டில் பதிவது, கிடங்குக்குச் சீட்டு, வாடிக்கையாளருக்குச் செய்தி என்ற மூன்று படிகளை மட்டும் முதலில் அமைத்து, ஒரு மாதம் உங்கள் ஊழியர்கள் கையால் செய்வதையும் நிறுத்தாமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்குக் கணினிச் சர்வரைப் பராமரிக்கும் பழக்கம் இருந்தால் என்-8-என் மென்பொருளை வாடகைச் சர்வரில் நிறுவலாம். சொந்தத் தொழிலின் உள்வேலைக்குப் பயன்படுத்த அதன் உரிமம் கட்டணமின்றி அனுமதிக்கிறது. ஆனால் சர்வர் வாடகை, காப்புப்படி, புதுப்பிப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் அதன் மறைகுறியீட்டுச் சாவி தொலைந்தால், சேமித்த இணைப்புகள் அனைத்தையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அந்தப் பழக்கம் இல்லையென்றால் மேக் அல்லது ஜோஹோ ஃப்ளோ போன்ற மாதச் சந்தாவே உங்களுக்கு ஏற்றது. 85,000 ரூபாய் கேட்டவரை அமைத்துக் கொடுக்கும் வேலைக்கு மட்டும், படிக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்திக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், எல்லாக் கணக்குகளையும் உங்கள் நிறுவன மின்னஞ்சலில், உங்கள் கார்டில், நீங்களே தொடங்குங்கள். அமைத்துத் தருபவர் அதில் அழைக்கப்பட்ட பயனராக இருந்தால் போதும். அவருடைய கணக்கில் அமைத்துக் கொடுத்து, உங்களுக்குப் 'பயன்' மட்டும் தருவதாக இருந்தால், அவரோடு மனத்தாங்கல் வரும் நாளில் உங்கள் கடையின் ஓட்டமே அவர் கையில் இருக்கும். மாதம் 6,000 ரூபாய்ப் பராமரிப்பில் என்னென்ன அடங்கும், எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்து தருவார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டுச் சேவைக்கு டாலரில் சந்தா கட்டுகிறேன். அவர்கள் 18 சதவீத வரியையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள எனக்கு இது சரியா?
– வாசகர், கரூர்

பதில்: உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அந்தக் கணக்கின் பில்லிங் பகுதியில் நீங்கள் கொடுக்கவில்லை என்று தெரிகிறது. எண் இல்லாதவரிடம் அவர்களே வரி வாங்கிக் கட்ட வேண்டும். எண் கொடுத்தவரிடம் வாங்கத் தேவையில்லை. அப்போது எதிர்முறை வரியாக (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் முறை) 18 சதவீத ஐஜிஎஸ்டியை நீங்களே பணமாகக் கட்டி, தகுதி இருந்தால் உள்ளீட்டு வரிக் கழிவாக, அதாவது உங்கள் விற்பனை மீதான வரியிலிருந்து கழித்து, எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கையிருப்பில் உள்ள வரிக் கழிவைக் கொண்டு இதைக் கட்ட முடியாது. கார்டு வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே, ரூபாயில் பில் தரும் உள்நாட்டுச் சேவையோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தானாகப் பிடிக்கப்படும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி தகவல் தர வேண்டும் என்பதும், 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. அந்த ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது என்று பாருங்கள். ஊரில் இல்லாத பங்குதாரரின் எண்ணாக இருந்தால் சந்தா தவறி, எல்லா ஓட்டங்களும் ஒரே நாளில் நின்றுவிடும்.

கேள்வி: 'வாழ்நாள் முழுவதும் 2,999 ரூபாய்' என்று ஒரு வாட்ஸ்அப் மென்பொருள் விற்கிறார்கள். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், ஆர்டர் செய்திகள் தானாகப் போகுமாம். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வாங்க வேண்டாம். இது வாட்ஸ்அப் வெப் வழியாக உங்கள் கைபேசிக் கணக்கில் புகுந்து, நீங்கள் தட்டச்சு செய்வது போல் செய்தி அனுப்பும் மென்பொருள். வாட்ஸ்அப் நிறுவனத்தின் விதிகளுக்கு இது புறம்பானது என்பதால் எண்ணே முடக்கப்படலாம். ஆண்டுக்கணக்காக வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்திருக்கும் எண் போய்விட்டால், அந்த இழப்பை 2,999 ரூபாயில் அளக்க முடியாது.

முறையான வழி, வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ; நிறுவனங்கள் தங்கள் மென்பொருளிலிருந்து செய்தி அனுப்ப வாட்ஸ்அப்பே தரும் இணைப்பு அது. அதில் நீங்களாகத் தொடங்கி அனுப்பும் செய்தியின் வாசகத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அத்தகைய செய்திகளுக்கு, ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகக் கட்டணம். 'உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது' போன்ற பயன்பாட்டுச் செய்திக்குக் கட்டணம் குறைவு. விளம்பரச் செய்திக்கு அதிகம். வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதிய 24 மணி நேரத்துக்குள் அனுப்பும் பதில்களுக்கும் பயன்பாட்டுச் செய்திகளுக்கும் கட்டணம் இல்லை. ஆகவே பார்சல் செய்தியின் கீழே 'இந்த வாரச் சலுகை' என்று ஒரு வரி சேர்க்க ஆசைப்படாதீர்கள்; அந்த ஒரு வரியால் செய்தி முழுவதும் விளம்பர வகைக்கு மாறி, கட்டணம் உயரும். இடையில் நிற்கும் நிறுவனம் இதன்மேல் தன் பங்காக எவ்வளவு வைக்கிறது என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டினேன். சொன்னபடி எங்கள் கூரியர் கணக்கோடு இணைத்துத் தரவில்லை. பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: உங்கள் நிலை கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து நீக்கிவைக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்குத்தான் விலக்கு. தனியாகத் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் ஒருவர் அந்த விலக்கைக் கேட்கலாம். ஆறு பேரை வைத்துத் தொழில் நடத்தும் உங்களுக்கு அது கிடைப்பது அரிது. தன் அலுவல்களைத் தானியங்கியாக்க மென்பொருள் வாங்கிய ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், அந்தப் பயன்பாடு லாபம் ஈட்டுவதோடு பிணைந்தது என்பதால் அந்நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

அதனால் உங்களுக்கு உள்ள வழி ஒப்பந்த மீறலுக்கான உரிமையியல் வழக்கு. அதற்கு முன், கூரியர் இணைப்பைத் தருவதாக அவர்கள் எழுதிய மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல், விலைப்பட்டியல், பணம் கட்டிய சான்று ஆகியவற்றைச் சேர்த்து, வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். தொகை சிறியதென்றால் பலர் அந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருவார்கள். கார்டில் கட்டியிருந்தால், சேவை தரப்படவில்லை என்று வங்கியிடம் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் வழக்கறிஞரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மீதமுள்ள மாதங்களில் அந்தச் சேவையைப் பயன்படுத்துவதானால், உங்கள் ஆர்டர் விவரங்களை இந்த வாரமே கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.