மாயாவிக்கு அப்புறம் எதைப் படிக்கலாம்?

சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் படித்ததோடு நின்றுவிட்டேன், இப்போது கிராஃபிக் நாவல் (படக்கதையாக வரும் நாவல்) எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' புத்தகத்துக்குத்தான். நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய அப்பாவிடம் மகன் கதை கேட்கிறான். படங்களில் யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். குழந்தைப் புத்தகம் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அப்பா போலந்துக்காரராக வேடம் போட்டு வெளியே நடக்கும்போது, எலி முகத்தில் பன்றி முகமூடி. பின்னந்தலையில் அதைக் கட்டிய கயிறு தெரியும். அந்தப் பயத்தை எழுத்தில் சொல்ல நாலு பக்கம் வேண்டும். 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது.

கனமாகத் தோன்றினால் மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' எடுங்கள். 1979 ஈரான் புரட்சியை ஒரு வாயாடிச் சிறுமி சொல்கிறாள்; சிரிக்கவும் வைப்பாள்.

வெறுமனே ஜாலியாக வேண்டுமா? சரி, கௌபாய் சிரிப்புக் காமிக்ஸான லக்கி லூக் போதும், தமிழிலேயே வந்திருக்கிறது.

ஒன்று மட்டும்: பலூனில் உள்ள வசனத்தை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் அந்தக் கயிற்றைக் கோட்டைவிட்டேன்.