600 கேபியில் நிற்கும் டோரண்ட்: வேகம் எங்கே தொலைகிறது?

பெரம்பூரில் ஒரு பள்ளியில் கணினிப் பாடம் நடத்தும் வாசகி கேட்டிருக்கிறார்: “லேபில் 20 கம்ப்யூட்டருக்கு உபுண்டு போட வேண்டும். டோரண்டில் இறக்கினால் 600 கேபிக்கு மேல் ஏறுவதில்லை. இரண்டு பழைய 32 பிட் மெஷினுக்கான லினக்ஸ் 40 கேபியில் நொண்டுகிறது. என் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது. டேட்டா வீணாகாமல் இருக்க அப்லோடை 1 கேபியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?”

உபுண்டு என்பது லினக்ஸ் வகை இலவச இயங்குதளம். டோரண்ட் என்பது ஒரு ஃபைலை ஒரே சர்வரிலிருந்து வாங்காமல், அதை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்கும் முறை. இவர் கேள்வியில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதலில் கணக்கு. ஸ்பீட் டெஸ்ட் சொல்லும் 95 மெகாபிட்டில். டோரண்ட் மென்பொருள் காட்டுவது பைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் உங்கள் லைனின் உச்சம் வினாடிக்கு சுமார் 12 எம்பி. அந்த வேகத்தில் 6 ஜிபி ஃபைல் ஒன்பது நிமிடத்துக்குள் இறங்கிவிடும். 600 கேபியில் அதற்கே இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

உபுண்டு டோரண்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்திருந்தால் சீடர்களுக்கு (முழு ஃபைலையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தருபவர்கள்) பஞ்சமே இருக்காது. அப்படியும் 600 கேபி என்றால் சந்தேகம் உங்கள் லேப் மேலேயே விழுகிறது. 95 காட்டியது உங்கள் போன், அதுவும் அநேகமாக மோடம் பக்கத்தில் நின்றபோது. அதே ஸ்பீட் டெஸ்டை லேப் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பின் பின்புறம் நகத்தளவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் செருகியிருந்தால், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிற வகையாக இருக்கும். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். நடுவில் கான்கிரீட் சுவர் வேறு.

வேளச்சேரியில் ஒரு நண்பரின் ஃபிளாட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். மோடம் ஹாலில், டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குள்ளே இருந்தது. படுக்கையறை லேப்டாப்பில் 1 எம்பி தாண்டவில்லை. நீளமான லேன் கேபிள் ஒன்றை வாங்கி, கதவிடுக்கு வழியாக இழுத்துச் செருகினோம். அதே டோரண்ட் 11 எம்பிக்குப் போனது. மென்பொருளில் ஒரு டிக்கைக்கூட மாற்றவில்லை. உங்கள் லேபுக்கும் கேட் 5இ வகை லேன் கேபிள்தான் என் முதல் சிபாரிசு.

சரி, 40 கேபியில் நொண்டும் 32 பிட் லினக்ஸுக்கு வருவோம். உபுண்டு இப்போது 32 பிட் கம்ப்யூட்டருக்கு வெளியாவதில்லை. இது போன்ற பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்கள் சிலர்தான். ஆள் குறைந்த இடத்தில் ஒவ்வொருவரும் முக்கியம், அங்கேதான் உங்கள் 1 கேபி அப்லோடு உங்களையே உதைக்கிறது. டோரண்ட் மொய் மாதிரி. 2001இல் பிராம் கோஹன் இதை வடிவமைத்தபோதே, யார் தனக்குத் துண்டுகளை வேகமாகத் தருகிறார்களோ அவர்களுக்கே திருப்பித் தருவது என்ற விதியை உள்ளே வைத்துவிட்டார். முழு ஃபைலும் கையில் உள்ள சீடர் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் உங்களைப் போலவே பாதி இறக்கிக்கொண்டிருப்பவர் பார்ப்பார். மொய் வைக்காதவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டம் சேராது.

அதற்காக அப்லோடை முழுக்கத் திறந்தும் விடாதீர்கள். மேலே போகும் பாதை நிரம்பினால், நீங்கள் பெறும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் திரும்பிப் போக வேண்டிய ‘கிடைத்தது’ என்ற தகவலும் வரிசையில் நிற்கும். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். அப்லோடு வேகத்தில் 80 சதவீதம் போல வைத்துக்கொள்ளுங்கள். லைனில் 20 மெகாபிட் அப்லோடு இருந்தால் 2000 கேபி. க்யூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளில் வரம்பாக 0 போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம், கவனம்.

அடுத்தது வாசல் கதவு. க்யூபிட்டோரண்டின் அடிவரியில் ஒரு சின்னப் படம் இருக்கும். பச்சை என்றால் வெளியாட்கள் உங்களைத் தேடி வர முடிகிறது. தீச்சுடர் என்றால் கதவு மூடியிருக்கிறது. நீங்களாகப் போய்க் கதவைத் தட்டினால்தான் உண்டு. கதவு மூடிய இரண்டு பேர் பெரும்பாலும் சந்திக்கவே முடியாது. நாலு பேர் மட்டும் இருக்கும் டோரண்டில் இது பெரிய இழப்பு. விண்டோஸ் ஃபயர்வாலில் மென்பொருளுக்கு அனுமதி கொடுங்கள், மோடத்தில் இந்தக் கதவைத் தானாகத் திறந்துவிடும் யூபிஎன்பி வசதியை ஆன் செய்யுங்கள்.

அப்புறமும் தீச்சுடர் மாறவில்லையா? மோடத்தின் பக்கத்துக்குப் போய் (பெரும்பாலும் 192.168.1.1) வான் ஐபி எண்ணை (இணையப் பக்கம் மோடத்துக்குக் கிடைத்திருக்கும் முகவரி) பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இன்டர்நெட் நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. அந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங்கில் (மோடத்தில் கதவை நாமே திறந்துவிடும் ஏற்பாடு) மணிக்கணக்காக மல்லுக்கட்டிப் பயனில்லை. நான் ஒரு ஞாயிறு முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி முகவரி தரக்கூடிய புதிய முறையான ஐபிவி6 ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனி ஐபி கேளுங்கள். மாதம் கூடுதலாகக் கட்டணம் கேட்கக்கூடும்.

‘டோரண்ட் பூஸ்டர்’ என்று கிடைப்பவற்றைத் தொடவே வேண்டாம், அதுவும் பள்ளிக் கம்ப்யூட்டரில். இணைப்பு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் ஏற்றுவதும் வேண்டாம். மலிவு மோடம் திணறி, லேப் முழுக்க நெட் நின்றுபோகும்.

பசங்களிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: டோரண்டில் இறக்கும் ஒவ்வொருவரும் அதே நேரத்தில் விநியோகிக்கவும் செய்கிறார்கள். உபுண்டுவில் அது நல்ல காரியம். புதுப் படத்தில் அது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வருகிற குற்றம்.

இன்னொன்று, 20 கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. ஒன்றில் முழுதாக இறங்கியதும் அதை சீடிங்கிலேயே விட்டுவிட்டு, மற்றவற்றின் க்யூபிட்டோரண்டில் ‘லோக்கல் பியர் டிஸ்கவரி’ டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லேபுக்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுபிடித்து வாங்கிக்கொள்ளும். ஒரே சுவிட்சில் கேபிள் போட்டிருந்தால் ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும்.